ஒன்பதாவது சாண்

"ஆறுக்கு மூணுதாம்மா வரும்" என்றார் கடைக்காரர். "அதுக்குக் கீழ யாரும் கேக்க மாட்டாங்க."

என் அண்ணன் மகள் விடவில்லை. "பாய், என் ரூம்ல சுவத்துலேர்ந்து கதவு திறக்குற இடம் வரைக்கும் எழுபது இஞ்ச்தான் இருக்கு. உங்க மெத்தை எழுபத்திரண்டு. போட்டா கதவு இடிக்கும்."

ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடை. அவளுக்குத் துணையாக நான் போயிருந்தேன். அவளுக்கு ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை. தோழியோடு சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை அறையில் ஆளுக்கொரு மூலை. அவள் உயரம் சரியாக 5 அடி. அவளைவிட ஓர் அடி நீளமான மெத்தையை "இதுதான் சைஸ்" என்று அவர் காட்டிக்கொண்டிருந்தார். மெத்தையை மடித்துப் போடலாம், கட்டிலைக் குறுக்காகப் போடலாம் என்று யோசனைகள் வந்தன. அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "எனக்கு எதுக்கு ஆறு அடி?"

அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். விடை தேடப் போனதில் பாதத்தின் அளவு, முதுகெலும்பின் வட்டு, இலவம் பஞ்சு, வேலூரில் நடந்த ஒரு பெரிய மருத்துவ முயற்சி என்று பல இடங்களைத் தொட வேண்டி வந்தது.

மில்லிமீட்டர் பார்க்கும் ஊர்

பாலாற்றங்கரையோரம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரம் இது. 2019 வரை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். இப்போது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்று. இங்கே ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் ஆள் இல்லாத தெரு குறைவு. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் என்ற சொற்கள் அடுப்படிப் பேச்சில் வரும்.

லாஸ்ட் என்பது கால் அச்சு. முன்பு மரத்தில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். தைத்த மேல்தோலை அதன்மேல் இழுத்துப் பொருத்தினால்தான் ஷூவுக்கு உருவம் வரும். இந்த அச்சு மனிதப் பாதத்தின் நீளத்துக்குச் சரிசமமாக இருப்பதில்லை. விரல் நுனிக்கு முன்னால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை கூடுதல் இடம் விட்டுத்தான் செய்வார்கள். நடக்கும்போது பாதம் சற்றே நீள்கிறது, முன்னே நகர்கிறது. அந்த இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துப்போகும். அதிகமாக விட்டால் குதிகால் வழுக்கும். காலை அளந்து, எவ்வளவு விடவேண்டுமோ அவ்வளவு மட்டும் கூட்டுவதுதான் ஷூ தொழிலின் அடிப்படைப் பாடம்.

அந்த அளவு யாருடைய கால் என்ற கேள்வியும் உண்டு. பிரிட்டிஷ் அளவு முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய முறையில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. சுதந்திரத்துக்கு முன் வந்த பிரிட்டிஷ் அளவே இன்றும் நம் செருப்புகளில் அச்சாகிறது. ஆனால் இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது. சென்னை அடையாறில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதை முறையாக அளந்து பார்த்தது. 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையே நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேன் கருவிகளால் அளந்து, இந்தியர்களுக்கென்று தனி அளவு முறை ஒன்றைப் பரிந்துரைத்தது. பாரதம் என்பதன் முதலெழுத்தைக் கொண்டு அதற்குப் 'பா' என்று பெயர் வைத்தார்கள். நீளத்தோடு அகலத்துக்கும் இடம் கொடுக்கும் முறை அது.

பகலில் எட்டு ஒன்பது மணி நேரம் போடும் ஷூவுக்கு இத்தனை அக்கறை. இரவில் ஏழெட்டு மணி நேரம் உடம்பு முழுவதும் கிடக்கிற மெத்தைக்கு?

இரண்டு கஜம், ஒரு கஜம்

நம் கடைகளில் கிடைக்கும் ஒற்றை மெத்தைகளின் நீளம் பெரும்பாலும் மூன்றே மூன்று: 72, 75, 78 அங்குலம். அகலம் 30, 35, 36 என்று இருக்கும். அதிகம் விற்பது 72-க்கு 36, கடைமொழியில் 'ஆறுக்கு மூணு'.

36 அங்குலம் ஒரு கஜம். 72 இரண்டு கஜம். துணிக்கடைக் கோலில் இருக்கும் எண்கள் இவை. 75 அங்குலம் என்பது 190 சென்டிமீட்டர், பிரிட்டனின் ஒற்றைக் கட்டில் நீளம். 78 அங்குலம் ஏறக்குறைய 2 மீட்டர், ஐரோப்பாவில் வழக்கமான நீளம்.

உடம்புகளின் கணக்கு வேறு. உலக நாடுகளின் உயரத்தை நூறாண்டுக் காலத்துக்குத் தொகுத்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, 1996-இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ., பெண்களின் சராசரி சுமார் 153 செ.மீ. என்று கணித்தது. நெதர்லாந்து ஆண்களின் சராசரி 182 செ.மீ.-க்கு மேல். 72 அங்குல மெத்தை 183 செ.மீ. நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதில் படுத்தால் தலையும் காலும் இரு விளிம்பையும் தொடும். நம் ஊர்ச் சராசரிப் பெண் படுத்தால் 30 செ.மீ., ஏறக்குறைய ஓர் அடி, மிச்சம் கிடக்கும்.

குட்டை மெத்தை கேட்பது விநோதமான கோரிக்கையும் அல்ல. பிரிட்டனில் சிறிய அறைகளுக்கும் குழந்தைகளின் அடுக்குக் கட்டில்களுக்கும் 175 செ.மீ. நீள மெத்தைகள் விற்கின்றன. ஜப்பானில் வழக்கமான 195 செ.மீ. மெத்தையோடு 180 செ.மீ. குறு மெத்தையும் கிடைக்கிறது. வீடு சிறுத்த இடங்களில் மெத்தையும் சிறுத்திருக்கிறது. நம்மிடம் வீடு சிறுத்துவிட்டது, மெத்தை அப்படியே இருக்கிறது.

படுத்தால் நீளும் உடம்பு

அதற்காக, 5 அடிப் பெண்ணுக்கு 5 அடி மெத்தை போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிற்கும் உயரமும் படுக்கும் நீளமும் ஒன்றல்ல.

முதலில் முதுகெலும்பு. முள்ளெலும்புகளுக்கு நடுவே நீர் நிறைந்த வட்டுகள் இருக்கின்றன. பகல் முழுக்க உடல் எடை அழுத்தி அவற்றிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இரவில் படுத்ததும் சுமை நீங்கி, நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் காலையில் எழும்போது மாலையைவிட ஒன்றரை செ.மீ. அளவுக்கு நாம் உயரமாக இருக்கிறோம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக் காலையும் மாலையும் அளந்தால் வீட்டிலேயே தெரியும்.

அடுத்தது பாதம். நிற்கும்போது பாதம் கணுக்காலுக்குச் செங்குத்தாகத் தரையில் பதிந்திருக்கும். மல்லாந்து படுத்துத் தூக்கம் வந்ததும் கணுக்கால் தளர்ந்து, விரல்கள் முன்னோக்கிச் சரியும். குதிகால் இருக்கும் இடத்தைத் தாண்டி விரல் நுனி ஏழெட்டு செ.மீ. போய்விடும். குப்புறப் படுத்தால் புறங்கால் மெத்தையில் பதிந்து இன்னும் நீளும்.

மூன்றாவது தலையணை. உச்சந்தலைக்கு மேலேயும் தலையணை கொஞ்சம் நீண்டிருக்கும். அதற்கு இடம் விடாவிட்டால் தலையணை சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே நழுவி, விடிகாலையில் கழுத்து வலிக்கும்.

இந்த மூன்றையும் கூட்டினால் 16 முதல் 19 செ.மீ. வரை வருகிறது. ஷூவில் விரலுக்கு முன்னால் விடும் இடம் போல, மெத்தையில் உடம்புக்கு விடவேண்டிய இடம் இது.

ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு குறையாதா? குறையும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கினால் உடம்பு ஒரு சாணுக்கு மேல் குறுகும். ஆனால் இரவு முழுக்க யாரும் ஒரே நிலையில் கிடப்பதில்லை. பத்து முறையாவது, பலர் அதைவிடப் பலமுறை, தூக்கத்திலேயே புரள்கிறார்கள். ஆகவே சுருண்ட நிலையை வைத்து மெத்தையை அளக்கக் கூடாது. நீட்டிய நிலைக்கும் இடம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் பழைய அளவு ஒன்று கைகொடுக்கிறது. 'எண்சாண் உடம்பு' என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். கையை அகல விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். அவரவர் உடம்பு அவரவர் கையால் ஏறக்குறைய எட்டுச் சாண். 5 அடி ஆளுக்கு ஒரு சாண் சுமார் 19 செ.மீ. நாம் மேலே கூட்டிப் பார்த்த கூடுதல் இடமும் ஏறக்குறைய அதே. ஆக, உடம்புக்கு எட்டுச் சாண், தலையணைக்கும் நீளும் பாதத்துக்கும் சேர்த்து ஒன்பதாவது சாண். இதுவே நான் பரிந்துரைக்கும் கணக்கு.

டேப்பில் பார்க்க வேண்டுமானால் உயரத்தை எட்டால் வகுத்து, அதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 4 அடி 10 அங்குல ஆளுக்கு 65 அங்குலம். 5 அடிக்கு 67.5. 5 அடி 4 அங்குலத்துக்குச் சரியாக 72. 5 அடி 7-க்கு 75. 5 அடி 9-க்கு 78. கடையில் கிடைக்கும் மூன்று நீளங்களும் யாருக்குப் பொருந்துகின்றன என்று பாருங்கள். 5 அடி 4-க்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றும் இல்லை. நம் நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.

கால்மாட்டின் எடை

படுத்திருக்கும் உடம்பின் எடை மெத்தை முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. மார்பு, வயிறு, இடுப்பு சேர்ந்த நடுவுடல்தான் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி. தலை 8 சதவீதம் அளவு. ஒவ்வொரு காலும் சுமார் 16 சதவீதம்; அதிலும் கணுக்காலுக்குக் கீழே உள்ள பாதம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. 50 கிலோ எடையுள்ளவரின் இரு பாதங்களும் சேர்ந்து ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். மெத்தை குழிவது இடுப்பும் தோளும் அழுத்தும் இடங்களில்தான். கால்மாட்டில் இருக்கும் கடைசி ஓர் அடி பல ஆண்டுகள் ஆனாலும் புதிதாகவே இருக்கும். ஆள் உயரத்தைவிட ஓர் அடி நீளமான மெத்தையில் அந்த ஓர் அடி சும்மா கிடக்கிறது.

அதனால் நீளத்தில் சிக்கனம் செய்யலாம். அகலத்தில் செய்யக் கூடாது. புரள்வது பக்கவாட்டில் நடக்கும் வேலை. மல்லாந்த நிலையிலிருந்து ஒருக்களிக்கவும், மறுபுறம் திரும்பவும் தோள் அகலத்தின் இரு மடங்கு இடமாவது வேண்டும். தோள் அகலம் 40 செ.மீ. என்றால் 80 செ.மீ.; அதாவது 30 அங்குலத்துக்குச் சற்று மேல். 30 அங்குல மெத்தையில் படுப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற எச்சரிக்கையிலேயே தூங்குகிறார். இடம் போதவில்லையென்றால் கால்மாட்டில் 4 அங்குலம் குறையுங்கள், 36 அங்குல அகலத்தைத் தொடாதீர்கள்.

புரளுவது ஏன்? வேலூர் சொன்ன விடை

தூக்கத்தில் புரளுவதைச் சிலர் சரியாகத் தூங்காததன் அடையாளமாக நினைக்கிறார்கள். அது உடம்பின் காவல் வேலை. இதை உலகத்துக்கு அழுத்தமாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் இந்த வட்டாரத்தில்தான் பணியாற்றினார்.

ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தும் பணியைத் தொடங்கினார். 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் எழுந்தது. தொழுநோய் விரல்களை அழுகவைத்து உதிர்க்கிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் பறிக்கிறது. வலி தெரியாததால் சுடுசட்டியை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். காயம் மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் போகின்றன.

ஒரு நிகழ்வை அவர் எழுதி வைத்திருக்கிறார். கையறுவை முடிந்து நன்றாக இருந்த சிலர், காலையில் எழுந்து பார்த்தால் விரலில் ஒரு துண்டைக் காணவில்லை. முதல் நாள் இரவு முழுதாக இருந்த விரல். யாருக்கும் காரணம் விளங்கவில்லை. கடைசியில் ஓர் இரவு விழித்திருந்து காவல் காத்தபோது தெரிந்தது: எலி. கடித்தது தெரியாமல் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள்.

வலி நமக்கு இரவிலும் வேலை செய்கிறது. உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகக் குறைவு. பாதரச அளவில் 32 மி.மீ. என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. மெத்தையின் அழுத்தம் அதைத் தாண்டி ஓரிடத்தில் நெடுநேரம் நீடித்தால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும். நரம்பு சிணுங்கும், மூளை நம்மை எழுப்பாமலேயே உடம்பைத் திருப்பிப் போடும். முதுகுத்தண்டு அடிபட்டு உணர்விழந்தவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வருவது அதனால்தான். 1954-இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்து, பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்தார். அத்தகைய நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது இன்றும் செவிலியர் பணியின் முக்கியப் பாடம்.

உணர்விழந்த பாதத்துக்குப் பிராண்டும் கரிகிரிக் குழுவினரும் கண்ட தீர்வுகளில் ஒன்று செருப்பு. நுண்ணறைகள் நிறைந்த மென்ரப்பரை அடித்தளமாக வைத்தால் எடை ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுக்கப் பரவும். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவமனைகளில் தருவது அதுதான். தொழுநோயாளிகளுக்கென்று வளர்ந்த அந்த அறிவு, பின்னர் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் உதவியது.

குட்டை மெத்தை வாங்குபவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. மெத்தை போதாமல் பாதம் வெளியே தொங்கினால், பாதத்தின் எடையும் கெண்டைக்காலின் எடையும் மெத்தை விளிம்பு என்ற ஒற்றைக் கோட்டில் விழும். நரம்பு நன்றாக இருப்பவர் காலை இழுத்துக்கொள்வார். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்த எச்சரிக்கை வராது. கட்டிலின் சட்டத்தில் குதிகால் உரசிப் புண்ணானாலும் காலையில்தான் தெரியும். ஆகவே பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், குப்புறப் படுத்தே பழகியவர்கள் ஒன்பதாவது சாணைக் குறைக்கக் கூடாது. முடிந்தால் கூட்டிக்கொள்வது நல்லது.

வளரும் பிள்ளைகளும் அப்படித்தான். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில், பெண்களின் பாதம் 11 வயது அளவிலும் ஆண்களின் பாதம் 15, 16 வயது அளவிலும் முழு அளவை எட்டுவது தெரிந்தது. பாதம் வளர்ந்து நின்ற பின்னும் உயரம் கொஞ்ச காலம் கூடும். 12 வயதுப் பிள்ளைக்கு இன்றைய உயரத்தை வைத்து மெத்தை தைத்தால் இரண்டு ஆண்டில் கால் வெளியே வந்துவிடும். மாறாக, வயதானவர்கள் வட்டுகள் தேய்ந்து சில செ.மீ. குறுகுகிறார்கள், பழைய உயரத்தை நினைவில் வைத்துச் சொல்லாமல் இன்றைக்கு அளந்து சொல்ல வேண்டும். உயரம் வெகுவாகக் குறைந்திருந்தால் எலும்புப்புரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம்.

எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது

நீளம் முடிவானபின் உள்ளே என்ன என்று பார்க்க வேண்டும். எல்லா மெத்தையையும் குறைக்க முடியாது.

இலவம் பஞ்சு மெத்தைக்கு இந்தச் சிக்கலே இல்லை. போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவங்காய்களிலிருந்து வரும் பஞ்சை எடைபோட்டு, கேட்ட அளவில் தைத்த உறையில் அடைத்துத் தருவார்கள். இலவ இழை உள்ளே வெற்றுக் குழல்; பெரும்பகுதி காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். வேலூர் வெயிலுக்கு ஏற்றது. ஆனால் நாளடைவில் பஞ்சு கட்டிதட்டும். அவ்வப்போது வெயிலில் காய வைத்துத் தட்ட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சடித்துத் திரும்ப அடைக்க வேண்டும். குட்டை மெத்தையின் ஒரு நன்மை இங்கே தெரியும்: ஒரே ஆள் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

தேங்காய் நாரைச் சுருட்டி ரப்பர் பால் தெளித்து இறுக்கிய கயிர் மெத்தையை வெட்டலாம். வெட்டிய விளிம்பு உதிராமல் இருக்க ஓரத்தைத் துணிப்பட்டை வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். ஃபோம் மெத்தையை நீளக் கத்தியால் நேராக வெட்டி, உறையைக் குறுக்கித் தைத்துவிடலாம். ஸ்பிரிங் மெத்தையை மட்டும் வெட்டவே கூடாது. சுற்றிலும் ஓடும் கம்பிச் சட்டம்தான் சுருள்களைப் பிடித்து நிறுத்துகிறது. அது போனால் மெத்தை போனது.

ஃபோம் வாங்கும்போது '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். பலர் அதைக் கடினத்தன்மை என்று நினைக்கிறார்கள். எடை கூடினால் பொதுவாக உழைப்பு கூடும். மெத்தென்று இருப்பதும் விறைப்பாக இருப்பதும் தனிக் கணக்கு. படுத்துப் பார்த்துத்தான் அதை அறிய முடியும். மெமரி ஃபோம் 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் தேவைக்காக உருவானது. உடல் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில், குளிர்சாதனம் இல்லாத அறையில், அது அளவுக்கு மீறி இளகி, சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை முழு மெத்தையாக வாங்குவதைவிட இந்த ஊருக்குப் பஞ்சும் நாரும் மேல்.

கட்டிலையும் மறக்கக் கூடாது. 72 அங்குலக் கட்டிலில் 68 அங்குல மெத்தையைப் போட்டால் 4 அங்குலச் சந்து விழும். பெரியவர்களுக்குக் கால் மாட்டும், தலையணை விழும். கைக்குழந்தைக்கு அது உயிர் ஆபத்து. குழந்தையின் முகமோ உடலோ அந்தச் சந்தில் சிக்கிக்கொள்ளலாம். குட்டை மெத்தை என்றால் தரையில் போட வேண்டும், அல்லது கட்டிலையும் அதே அளவில் செய்துகொள்ள வேண்டும். பாதி வழியில் நிற்கக் கூடாது.

தரையில் ஒரு கோடு

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது எளிது. தரையில் ஒரு கோரைப் பாயை விரியுங்கள். வழக்கமாக வைக்கும் தலையணையை வைத்து, வழக்கமாகப் படுப்பது போல் படுங்கள். கால்களை நீட்டிக் கணுக்காலைத் தளர விடுங்கள். தலையணையின் மேல்விளிம்பிலும் கால் விரல் நுனியிலும் வீட்டில் யாரையாவது சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு குப்புறப் படுத்து இன்னொரு கோடு. இரண்டில் நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து உங்கள் கையால் சாண் போட்டுப் பாருங்கள். ஒன்பது வரும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

என் அண்ணன் மகள் அதைத்தான் செய்தாள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அவள் பாட்டி சொல்லி அனுப்பியிருந்ததால் அந்த அறையில் படுக்க ஒரே ஒரு திசைதான் மிச்சம், அந்தத் திசையில் இடம் 70 அங்குலம். தோழி கோடு போட்டாள். கோட்டுக்குக் கோடு 67 அங்குலம். மறு வாரம் பஞ்சு மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் 68-க்கு 36 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "உனக்குத்தானேம்மா? சரியா இருக்கும்" என்று சொல்லி உறைத் துணியை விரித்தார். அளவுக்கு மேல் ஒரு விரற்கடை தையலுக்கு விட்டு வெட்டினார்.

அந்த ஒரு விரற்கடையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கம்பெனியில் அவள் நாள் முழுக்கச் செய்வதும் அதைத்தான். அளந்து, விடவேண்டியதை விட்டு, மிச்சத்தை வெட்டுவது. எங்கோ இருக்கும் யாரோ ஒருவரின் பாதத்துக்காக அவள் கை இத்தனை ஆண்டுகளாகக் காட்டிய கவனம், முதல் முறையாக அவளுடைய உடம்புக்குக் கிடைத்தது. இப்போது அந்த அறையின் கதவு முழுவதும் திறக்கிறது.